வரி ரீஃபண்ட் வந்தால் அரசு உதவி நின்றுவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒரே தடவையாகக் கைக்கு வரும் பெரிய தொகை, பெரும்பாலும் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பும் வரி ரீஃபண்ட், அதாவது திருப்பித் தரும் வரிப் பணம்தான். அதே குடும்பங்களில் பல, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வரும் மாத உதவித்தொகையான எஸ்.எஸ்.ஐ., அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், ஃபுட் ஸ்டாம்ப் என்று பழகிப்போன உணவு உதவியான ஸ்னாப், வீட்டு வாடகை உதவி போன்றவற்றை நம்பியும் இருக்கின்றன. வருமானத்தையும் சேமிப்பையும் கணக்குப் பார்த்த பிறகே இந்த உதவிகள் கிடைக்கின்றன என்பதால், வங்கிக் கணக்கில் திடீரென நாலாயிரம், ஐயாயிரம் டாலர் ஏறியதும் கலக்கம் வருவது இயல்பு. அந்தக் கலக்கத்தில், தமக்கு உரிய ரீஃபண்டைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடத் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தாராளத்துக்குக் காலக்கெடு ஒன்று உண்டு. அது செல்லாத இடங்களும் உண்டு. கீழே உள்ள பதில்கள் கூட்டாட்சி விதிகளை அடிப்படையாகக் கொண்டவை.

ரீஃபண்ட் வந்த மாதத்தில் என் உதவித்தொகை குறையுமா?

குறையாது. கூட்டாட்சி அரசிடமிருந்து வரும் வருமான வரி ரீஃபண்டை எந்தக் கூட்டாட்சி உதவித் திட்டமும், கூட்டாட்சிப் பணத்தில் முழுமையாகவோ ஓரளவோ நடக்கும் எந்த மாநில அல்லது உள்ளாட்சித் திட்டமும் வருமானமாக எண்ணக்கூடாது. கிடைத்ததிலிருந்து 12 மாதங்களுக்கு அதைச் சேமிப்பாகவும் எண்ணக்கூடாது. உதவிக்கு ஒருவர் தகுதி உள்ளவரா என்று பார்க்கும்போதும் சரி, எவ்வளவு தொகை என்று தீர்மானிக்கும்போதும் சரி, இந்த விதி பொருந்தும்.

இது எந்தச் சட்டம்? எப்போது வந்தது?

உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 6409ஆம் பிரிவு. 2010 டிசம்பரில் இயற்றப்பட்ட வரிச் சட்டம் ஒன்றின் வழியாகத் தற்காலிக ஏற்பாடாக நுழைந்து, 2009 டிசம்பர் 31க்குப் பிறகு பெறப்பட்ட தொகைகளுக்குப் பொருந்தியது. 2012 இறுதியில் காலாவதியாக வேண்டிய இந்தப் பிரிவை, 2013 ஜனவரித் தொடக்கத்தில் கையெழுத்தான சட்டம் நிரந்தரமாக்கியது. அதற்கு முன் நிலைமை குழப்பமாக இருந்தது. எஸ்.எஸ்.ஐ. திட்டத்தில், குறைந்த சம்பளத்தில் உழைப்பவர்களுக்கான ஈ.ஐ.டி.சி. என்ற வரிச் சலுகையும் குழந்தைகளுக்கான வரிச் சலுகையும் 9 மாதங்களுக்கு மட்டும் கணக்கில் சேராமல் இருந்தன. சம்பளத்தில் அதிகமாகப் பிடிக்கப்பட்டுத் திரும்பி வந்த வரிப் பணமோ மறுமாதமே சேமிப்பாக எண்ணப்பட்டது. ஒரே ரீஃபண்டை இரண்டு கூறாகப் பிரித்துக் கணக்கிட வேண்டிய அந்த நிலை இப்போது இல்லை. பழைய விதியை நினைவில் வைத்து யாராவது இன்னும் ஒன்பது மாதக் கணக்குச் சொன்னால், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இவ்வளவு பெரிய தொகை எப்படி வருமானம் ஆகாமல் போகிறது?

ரீஃபண்டில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது. ஒன்று, ஆண்டு முழுவதும் சம்பளத்திலிருந்து தேவைக்கு மேல் பிடித்துவைத்த வரி. எஸ்.எஸ்.ஐ.யும் ஸ்னாப்பும் சம்பளத்தைக் கணக்கிடும்போது வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையையே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பணம் சம்பாதித்த மாதத்திலேயே ஒரு முறை வருமானமாக எண்ணப்பட்டுவிட்டதால், திரும்பி வரும்போது மறுபடியும் எண்ணினால் ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

இன்னொரு வகை, கட்டிய வரிக்கு மேலாகவும் அரசு கொடுக்கும் சலுகைத் தொகை. ஈ.ஐ.டி.சி. 1975இல் தொடங்கியது, 2025ஆம் வரியாண்டுக்கு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு அதிகபட்சமாக 8,046 டாலர் வரை கிடைக்கும். குழந்தைகளுக்கான வரிச் சலுகையில் திருப்பித் தரத்தக்க பகுதி, அதே ஆண்டில் ஒரு குழந்தைக்கு 1,700 டாலர் வரை. குறைந்த சம்பளத்தில் உழைப்பவரைத் தூக்கிவிட ஒரு கையால் கொடுத்ததை, உதவித்தொகையைக் குறைத்து மறு கையால் பறித்தால் கொடுத்ததற்கே பொருளில்லை என்பதால் நாடாளுமன்றம் இதையும் கணக்கிலிருந்து விலக்கியிருக்கிறது.

எந்தெந்த உதவிகளுக்கு இந்த 12 மாதக் கணக்கு உண்மையில் முக்கியம்?

எல்லா உதவிகளும் சேமிப்பைப் பார்ப்பதில்லை. சேமிப்பைப் பார்க்காத திட்டத்தில் இருப்பவருக்கு 12 மாதக் கெடுவைப் பற்றிய கவலையே தேவையில்லை.

மிகக் கடுமையானது எஸ்.எஸ்.ஐ. வயது 65 நிரம்பியவர்கள், பார்வையற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான இந்தத் திட்டத்தில் தனிநபர் வைத்திருக்கக்கூடிய சேமிப்பு 2,000 டாலர். தம்பதிக்கு 3,000 டாலர். இந்த வரம்பு 1989 முதல் அசையவே இல்லை. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறிவிட்ட காலத்தில், ஒரு மாத வாடகையும் ஒரு கார் பழுதும் சேர்ந்தால் தீர்ந்துபோகும் தொகையைப் பெரும் சேமிப்பாகக் கருதும் இந்த வரம்புதான், என் பார்வையில், ரீஃபண்ட் தொடர்பான அத்தனை சிக்கல்களுக்கும் வேர்.

மெடிக்கெய்டில் இரண்டு பாதைகள் உள்ளன. குழந்தைகள், கர்ப்பிணிகள், பெற்றோர், உழைக்கும் வயதினர் ஆகியோருக்கு 2014 முதல் சேமிப்புச் சோதனை கிடையாது; வருமானம் மட்டுமே பார்க்கப்படும். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கான பாதையில் பெரும்பாலான மாநிலங்கள் சேமிப்பையும் பார்க்கின்றன. ஸ்னாப்பில் கூட்டாட்சி விதிப்படி சேமிப்பு வரம்பு உண்டு. 2025ஆம் நிதியாண்டில் அது சாதாரணக் குடும்பத்துக்கு 3,000 டாலராகவும், முதியவரோ மாற்றுத்திறனாளியோ உள்ள குடும்பத்துக்கு 4,500 டாலராகவும் இருந்தது. ஆனாலும் பெரும்பாலான மாநிலங்கள் விரிவான தகுதி விதி ஒன்றைப் பயன்படுத்திப் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தச் சோதனையைத் தளர்த்தியுள்ளன. குடும்பங்களுக்கான டான்ஃப் பண உதவியில் வரம்பை மாநிலமே தீர்மானிக்கிறது. தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டமான விக் சேமிப்பைப் பார்ப்பதே இல்லை. செக்‌ஷன் 8 போன்ற வாடகை உதவிகளில் கூட்டாட்சி ரீஃபண்டை 12 மாதங்களுக்குக் குடும்பச் சொத்தில் சேர்க்கக்கூடாது என்று வீட்டுவசதித் துறையின் விதியே சொல்கிறது.

எஸ்.எஸ்.டி.ஐ., மெடிகேர் பெறுகிறவர்களுக்கு?

எந்தப் பாதிப்பும் இல்லை. முன்பு உழைத்து, பிறகு மாற்றுத்திறனாளி ஆனவர்களுக்கான மாதத் தொகையான எஸ்.எஸ்.டி.ஐ.யும், முக்கியமாக முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரும் உழைத்த காலத்தில் கட்டிய வரியின் அடிப்படையில் வருபவை, சேமிப்பைப் பார்ப்பதில்லை. எஸ்.எஸ்.டி.ஐ.யையும் எஸ்.எஸ்.ஐ.யையும் ஒன்றென்று எண்ணி வீணாக அஞ்சுகிறவர்கள் பலர் இருப்பதால், முதலில் தமக்கு வருவது எது என்று உதவி வழங்கும் கடிதத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. மெடிகேர் கட்டணத்துக்கு உதவும் சேமிப்புத் திட்டங்களும், மருந்துச் செலவுக்கான கூடுதல் உதவியும் வேறு வகை. அவற்றில் சேமிப்புச் சோதனை இருக்கும் இடங்களில் 12 மாத விலக்கும் உண்டு.

12 மாதங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

படிவம் தாக்கல் செய்த நாளையோ ஐ.ஆர்.எஸ். ஒப்புதல் கொடுத்த நாளையோ எண்ணுவதில்லை. பணம் கைக்கு வந்த நாளே கணக்கு. எஸ்.எஸ்.ஐ.யில், பணம் வந்த மாதத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்த மாதத்திலிருந்து 12 மாதங்கள் எண்ணுகிறார்கள். 2025 பிப்ரவரி 20ஆம் தேதி ரீஃபண்ட் வந்திருந்தால், 2026 பிப்ரவரி முடியும்வரை அது கணக்கில் வராது. எஸ்.எஸ்.ஐ. சேமிப்பை ஒவ்வொரு மாதமும் முதல் நாளின் முதல் நொடியில் அளக்கிறது என்பதால், 2026 மார்ச் முதல் தேதி பிறக்கும்போது கணக்கில் மிச்சம் இருப்பது எவ்வளவோ அதுவே சேமிப்பாகிறது.

பழைய ஆண்டுகளுக்கான ரீஃபண்டுக்கும் இதே முறைதான். ரீஃபண்ட் கோருவதற்கான மூன்றாண்டுக் கெடுவுக்குள் தாமதமாகத் தாக்கல் செய்து, இரண்டு மூன்று ஆண்டுப் பணம் வெவ்வேறு மாதங்களில் வந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 12 மாதக் கணக்கு ஓடும். ஈ.ஐ.டி.சி. கோரியவர்களுக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிப்ரவரி 15க்கு முன் ரீஃபண்ட் வராது. அதனால் பெரும்பாலோருக்கு இந்தக் கெடு குளிர்காலத்தின் கடைசியில் தொடங்கி, மறு ஆண்டின் அதே பருவத்தில், அடுத்த ரீஃபண்ட் வரும் நேரத்தில் முடிகிறது. பழைய ரீஃபண்டின் மிச்சமும் புதியதும் ஒரே கணக்கில் சந்திக்கும் இந்த வாரங்களில் எது எந்த ஆண்டுப் பணம் என்று குறித்துவைப்பது அவசியம்.

ரீஃபண்டை என் வழக்கமான கணக்கிலேயே போட்டால் விலக்கு போய்விடுமா?

போகாது. ஆனால் கலந்த பணத்தைப் பிரித்துப் பார்க்க எஸ்.எஸ்.ஐ.க்கு ஒரு முறை உண்டு. அது தெரியாமல் இருப்பதால்தான் பலர் வீண் சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். கலந்த கணக்கிலிருந்து பணம் எடுத்தால், விலக்கு இல்லாத சாதாரணப் பணமே முதலில் வெளியே போனதாகக் கருதப்படும். இது பயனாளிக்குச் சாதகமான அனுமானம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் ஒருவரிடம் சொந்தச் சேமிப்பாக 1,400 டாலர் இருக்கிறது. 4,000 டாலர் ரீஃபண்ட் வந்து சேர்ந்ததும் மொத்தம் 5,400. மாதம் முடிவதற்குள் 1,000 டாலர் வாடகை கொடுக்கிறார். அந்த ஆயிரமும் சாதாரணப் பணத்திலிருந்து போனதாகவே வைத்துக்கொள்வார்கள். ஆகவே மார்ச் முதல் தேதி கணக்கில் 4,400 டாலர் இருந்தாலும், எண்ணப்படும் சேமிப்பு 400 டாலர்தான். மார்ச்சில் 700 டாலர் உதவித்தொகை வருகிறது. அவர் 2,000 டாலருக்குக் கார் பழுது பார்க்கிறார். முதலில் சாதாரணப் பணமான 1,100 டாலர் தீர்கிறது. மீதி 900 டாலர் ரீஃபண்டிலிருந்து போகிறது. கணக்கில் இப்போது இருக்கும் 3,100 டாலர் முழுவதும் விலக்கு பெற்றது.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். ஏப்ரலில் இன்னொரு 700 டாலர் வந்து கணக்கு 3,800 ஆனாலும், விலக்கு 3,100 டாலருக்கு மட்டுமே. ஒரு முறை வெளியே போன ரீஃபண்டின் இடத்தை, பிறகு வந்த சாதாரணப் பணம் நிரப்ப முடியாது. ‘எனக்கு நாலாயிரம் வரை விலக்கு இருக்கிறதே’ என்று ஆண்டு முழுவதும் நினைத்துக்கொண்டு சேமித்தால் கணக்கு பிசகும். ரீஃபண்டைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் இந்தக் கழித்தல் வேலையே இல்லை. முடிந்தவர்கள் அப்படிச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

12 மாதம் முடிந்தும் பணம் மிச்சம் இருந்தால் என்ன ஆகும்?

மிச்சம் இருக்கும் தொகையும் மற்றச் சேமிப்பும் சேர்ந்து வரம்புக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது. வரம்பைத் தாண்டினால், எஸ்.எஸ்.ஐ.யில் அந்த மாதத்து உதவி முழுவதுமே கிடையாது. வருமானம் கூடினால் உதவி படிப்படியாகக் குறையும். சேமிப்பு கூடினாலோ அப்படிப் படிகள் இல்லை. மார்ச் முதல் தேதி கணக்கில் 2,100 டாலர் இருந்தால், அந்த நூறு டாலருக்காக ஒரு மாத உதவி முழுவதும் போய்விடும். பல மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ.யோடு மெடிக்கெய்டும் பிணைந்திருப்பதால் இழப்பு இரட்டிப்பாகலாம். மாதக் கடைசியில் ஒரு முறை கணக்கைத் திறந்து பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது என்பதே வருத்தம்.

கெடுவுக்குள் எதில் செலவழிப்பது பாதுகாப்பானது? நகை வாங்கலாமா? ஊருக்கு அனுப்பலாமா?

விலக்கு செலவாகாத ரீஃபண்ட் பணத்துக்குத்தான். அதைக் கொண்டு வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு தொடராது. வாங்கிய பொருள் எந்த வகைச் சொத்து என்பதைப் பொறுத்தே பிறகு கணக்கு.

கடனை அடைப்பது, நிலுவை வாடகையைக் கொடுப்பது, மருத்துவச் செலவு, பல் சிகிச்சை, வீட்டுச் சாமான், சொந்த வீட்டின் பழுது, போக்குவரத்துக்கான ஒரு கார் ஆகியவற்றில் எஸ்.எஸ்.ஐ.க்கு ஆட்சேபம் இல்லை. குடியிருக்கும் வீடும் ஒரு வாகனமும் சேமிப்பில் சேராதவை. ஈமச்சடங்குக்கென ஒதுக்கி வைக்கும் பணத்திலும் நபருக்கு 1,500 டாலர் வரை விலக்கு உண்டு.

நகை விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அணிந்துகொள்ளும் நகையும், குடும்பத்தில் வழிவழியாக வந்து அதன் பொருட்டே வைத்திருக்கும் நகையும் சொந்த உடைமைகள் என்பதால் எண்ணப்படுவதில்லை. முதலீடாக வாங்கி வைத்த தங்கக் காசும், அணியாமல் மதிப்புக்காகவே பூட்டி வைத்த நகையும் சேமிப்பே. ரீஃபண்டாக இருந்தவரை விலக்கு பெற்றிருந்த பணம், தங்கக் காசாக மாறிய மறுமாதமே எண்ணப்படும் சொத்தாகிவிடுகிறது. பணமாகவே விட்டிருந்தால் ஓராண்டு பாதுகாப்பு இருந்திருக்கும். இந்தியாவிலோ இலங்கையிலோ வங்கியில் போடும் வைப்புத் தொகையும், அங்கே வாங்கும் மனையும் சொத்துதான். நாட்டுக்கு வெளியே இருப்பதால் அவை மறைந்துவிடுவதில்லை.

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. எண்ணப்படும் சொத்தை உரிய விலை பெறாமல் கைமாற்றினால், 36 மாதங்கள் வரை எஸ்.எஸ்.ஐ.க்குத் தகுதி இல்லாமல் போகலாம். 12 மாதம் முடிந்த பிறகு வரம்புக்குள் வருவதற்காக அவசரமாகத் தம்பி கணக்கில் போட்டு வைப்பது, சிறிய சிக்கலைப் பெரிய சிக்கலாக மாற்றும் வழி. ரீஃபண்டில் விமான டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய் வருவதில் செலவு அளவில் தவறில்லை. ஆனால் தொடர்ந்து 30 நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே தங்கினால் எஸ்.எஸ்.ஐ. நிற்கும், திரும்பி வந்து 30 நாட்கள் இங்கே இருந்த பிறகே மறுபடி தொடங்கும்.

செலவழிக்க மனமில்லை, சேர்த்துவைக்கவே விரும்புகிறேன். வழி உண்டா?

மாற்றுத்திறனாளிகளுக்கு ஏபிள் கணக்கு என்ற வழி இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இந்தக் கணக்கில் உள்ள முதல் 1,00,000 டாலரை எஸ்.எஸ்.ஐ. எண்ணாது. 2025ஆம் ஆண்டில் போடக்கூடிய தொகையின் வரம்பு 19,000 டாலர். அதற்குள் ஒரு சாதாரண ரீஃபண்ட் முழுவதும் அடங்கிவிடும். குறைபாடு 26 வயதுக்குமுன் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2026 ஜனவரி முதல் 46 வயது எனத் தளர்ந்துள்ளதால், முன்பு மறுக்கப்பட்டவர்களும் இப்போது மறுபடி பார்க்கலாம். 12 மாதக் கெடு முடிவதற்கு முன்பே பணத்தை மாற்றிவிடுவது முக்கியம்.

மாநில அரசு தரும் ரீஃபண்டுக்கும் இதே விலக்கு உண்டா?

இல்லை. 6409ஆம் பிரிவு கூட்டாட்சி வருமான வரிச் சட்டத்தின்கீழ் வரும் ரீஃபண்டை மட்டுமே சொல்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே கணக்கில், ஏறக்குறைய ஒரே பெயரில் வந்து விழுவதால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எஸ்.எஸ்.ஐ.யில், ஏற்கெனவே கட்டிய வருமான வரியில் திரும்பி வரும் தொகை மாநிலத்திலிருந்து வந்தாலும் வருமானம் ஆகாது. ஆனால் மறுமாத முதல் தேதி மிச்சம் இருந்தால் அது சேமிப்பு. சில மாநிலங்கள் தாமே வழங்கும் ஈ.ஐ.டி.சி. போன்ற சலுகைகளுக்குத் திட்டத்துக்குத் திட்டம் விதி மாறும். ஸ்னாப், திட்டத்தில் தொடர்ந்து இருக்கும் குடும்பத்துக்கு மாநில ஈ.ஐ.டி.சி.யையும் 12 மாதங்கள் விலக்கி வைக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. மாநிலமோ, மாவட்டம் போன்ற கவுண்டியோ முழுக்கத் தன் பணத்தில் நடத்தும் பொது உதவித் திட்டங்களை 6409ஆம் பிரிவு கட்டுப்படுத்தாது. அவை கூட்டாட்சி ரீஃபண்டையும் எண்ணலாம்.

அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் மருத்துவக் காப்பீட்டுக்கான மானியத்தில் ரீஃபண்ட் வருமானமா?

கூட்டாட்சி ரீஃபண்ட் வருமானம் அல்ல. மாநில ரீஃபண்ட் மட்டும் ஒரு சூழலில் ஆகலாம். முந்தைய ஆண்டு வரிப் படிவத்தில், வருமானத்திலிருந்து மொத்தமாகக் கழிக்கும் நிலையான கழிவை எடுக்காமல், மாநில வரியைத் தனியாகக் கழித்துக் காட்டியிருந்தால், இப்போது திரும்பி வரும் பகுதி வரிக்குரிய வருமானமாகலாம். அதற்கான 1099-ஜி படிவத்தை மாநிலம் அனுப்பும். மானியமும் மெடிக்கெய்டின் வருமானப் பாதையும் வரிக்குரிய வருமானத்தை ஒட்டியே கணக்கிடப்படுவதால், அப்போது அது அங்கேயும் சேரும். குறைந்த வருமானக் குடும்பங்களில் பெரும்பாலானவை நிலையான கழிவையே எடுப்பதால் இது அரிது. ரீஃபண்ட் தாமதமானதற்காக ஐ.ஆர்.எஸ். சேர்த்துக் கொடுக்கும் வட்டியும் வரிக்குரிய வருமானம்.

என் மகனின் ரீஃபண்ட் என் கணக்கில் வந்தது. நான் எஸ்.எஸ்.ஐ. பெறும் முதியவர். இது என் பணமாகுமா?

பிள்ளைகளோடு வாழும் பெற்றோருக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. எஸ்.எஸ்.ஐ. பெறுகிறவரின் பெயர் உள்ள கூட்டுக் கணக்கில் இருக்கும் பணம் முழுவதும் அவருடையது என்றே எஸ்.எஸ்.ஐ.யை நடத்தும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் முதலில் அனுமானிக்கும். பணம் மகனுடையது என்று நிரூபிக்க வாய்ப்புத் தருவார்கள். மகனின் வரிப் படிவம், பணம் போட்டதும் எடுத்ததும் அவரே என்பதைக் காட்டும் வங்கிப் பதிவுகள், இருவரின் எழுத்து வாக்குமூலம், கணக்கிலிருந்து பெற்றோர் பெயரை நீக்கியதற்கான சான்று ஆகியவை தேவைப்படலாம். இவ்வளவு அலைச்சலுக்குப் பதிலாக, மகன் தன் சொந்தக் கணக்கின் எண்ணைப் படிவத்தில் போடுவது எளிது.

மகன் தன் ரீஃபண்டிலிருந்து அம்மாவுக்கு ஐந்நூறு டாலர் கொடுத்தால், அது இனி ரீஃபண்ட் அல்ல. அம்மாவுக்கு வந்த அன்பளிப்பு. மாதத்தில் முதல் 20 டாலர் பொது விலக்குப் போக, அது அவருக்கு அந்த மாத வருமானம். வீட்டு உரிமையாளருக்கு மகனே நேரடியாக அம்மாவின் வாடகையைக் கொடுத்தாலும் அது பொருளாகக் கிடைத்த உதவியாக எண்ணப்படலாம். உணவு வாங்கிக் கொடுப்பது மட்டும் 2024 செப்டம்பர் இறுதியிலிருந்து இந்தக் கணக்கில் இல்லை.

என் குழந்தை எஸ்.எஸ்.ஐ. பெறுகிறது. எங்கள் ரீஃபண்ட் குழந்தையின் உதவியைப் பாதிக்குமா?

பாதிக்காது. 18 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோரின் வருமானமும் சேமிப்பும் ஓரளவு ஏற்றிக் கணக்கிடப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் 6409ஆம் பிரிவு, ரீஃபண்ட் பெற்றவருக்கு மட்டுமல்லாமல் வேறு எவருடைய தகுதியைத் தீர்மானிக்கும்போதும் அந்தப் பணத்தை எண்ணக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கணவரின் ரீஃபண்டும் மனைவியின் எஸ்.எஸ்.ஐ.யும் என்ற சூழலுக்கும் இதே பதில்தான்.

ரீஃபண்டே வராதபடி சம்பளத்தில் வரியைக் குறைத்துப் பிடிக்கச் சொன்னால் சிக்கல் தீருமா?

சிலருக்குத் தீரும், சிலருக்கு நிலைமை சற்று மோசமாகும். மாதாமாதம் கைக்குக் கூடுதலாக வரும் சம்பளம் அந்தந்த மாதமே செலவாகிவிட்டால் நல்லது. சேர்ந்துகொண்டே போனால், அது வெறும் சம்பளச் சேமிப்பு. அதற்கு 12 மாத விலக்கு கிடையாது. அதே பணம் ஆண்டு முடிவில் ரீஃபண்டாக வந்திருந்தால் ஓராண்டு பாதுகாப்பு கிடைத்திருக்கும். மேலும் ஈ.ஐ.டி.சி.யை மாதாமாதம் சம்பளத்தோடு முன்கூட்டிப் பெறும் ஏற்பாடு 2010உடன் முடிந்துவிட்டதால், அந்தப் பகுதி எப்படியும் ஒரே தொகையாகத்தான் வரும்.

ரீஃபண்டை வழியிலேயே பிடித்துக்கொள்வார்களா?

பிடிக்கலாம். குழந்தை ஆதரவுத் தொகை நிலுவை, மாநில வரி பாக்கி, கூட்டாட்சித் துறைகளுக்கு உள்ள கடன் ஆகியவற்றுக்காகக் கருவூலத்துறை ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்கிறது. முன்பு தவறுதலாக அதிகம் வழங்கப்பட்ட ஸ்னாப் அல்லது எஸ்.எஸ்.ஐ. தொகையும் இதில் சேரலாம். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து, கடன் ஒருவருடையதாக மட்டும் இருந்தால், மற்றவர் தன் பங்கை 8379ஆம் படிவத்தின் மூலம் திரும்பக் கேட்கலாம்.

ரீஃபண்ட் வந்ததை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமா?

எஸ்.எஸ்.ஐ. பெறுகிறவர் தம் வருமானத்திலும் சேமிப்பிலும் ஏற்படும் மாற்றங்களை, மாற்றம் நிகழ்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். ரீஃபண்ட் கணக்கில் சேராதது என்பதால் பேசாமல் இருந்துவிடலாம் என்று சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அலுவலகம் வங்கி இருப்பைத் தானாகவே சரிபார்க்க முடியும். அங்கே பெரிய தொகை தென்பட்டால், அது என்ன பணம் என்று விளக்கும் பொறுப்பு பயனாளியிடம்தான் வந்து சேரும். முன்பே எழுத்தில் சொல்லி, சொன்னதற்கு ரசீது வாங்கி வைத்தவருக்கு அந்த விளக்கம் ஐந்து நிமிட வேலை. மற்றத் திட்டங்களில் எதை, எப்போது தெரிவிக்க வேண்டும் என்பது உதவி வழங்கிய கடிதத்திலேயே இருக்கும்.

வரிப் படிவத்தின் நகல், பணம் வந்த நாளைக் காட்டும் வங்கி அறிக்கை, அந்த மாதத்திலிருந்து ஓராண்டுக்கான மாதாந்திர அறிக்கைகள், பெரிய செலவுகளுக்கான ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். எதுவும் கையில் இல்லையென்றால், ஐ.ஆர்.எஸ். இணையதளத்திலிருந்து வரிக் கணக்கின் விவரச் சுருக்கத்தை இலவசமாக எடுக்கலாம். ரீஃபண்ட் வழங்கப்பட்ட நாளும் தொகையும் அதில் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உதவியை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால்?

அலுவலர்களும் தவறு செய்கிறார்கள்; விலக்கு பெற்ற பணத்தைச் சேமிப்பில் சேர்த்துவிடுவது அவற்றில் ஒன்று. எஸ்.எஸ்.ஐ. முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்க 60 நாட்கள் உண்டு. ஆனால் கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் கேட்டால் முடிவு வரும்வரை உதவி நிற்காமல் தொடரும் என்பதால், அந்தப் பத்து நாட்களே உண்மையான கெடு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்னாப்பில் விசாரணை கோர 90 நாட்கள் இருந்தாலும், இடைக்காலத்தில் உதவி தொடர வேண்டுமானால் கடிதத்தில் சொன்ன குறுகிய கெடுவுக்குள் கோர வேண்டும்.

அதிகமாக வழங்கிவிட்டோம், திருப்பித் தாருங்கள் என்று எஸ்.எஸ்.ஐ. கடிதம் வந்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன. கணக்கே தவறு என்றால் மறுபரிசீலனை; கணக்கு சரி, ஆனால் தவறு என்னுடையது அல்ல, கட்டவும் வசதியில்லை என்றால் தள்ளுபடி விண்ணப்பம். இரண்டையும் சேர்த்தும் கேட்கலாம். எதுவும் பலிக்காவிட்டாலும், மாதாந்திர உதவியில் பிடிக்கும் அளவு வழக்கமாக மொத்த வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டாது. அதையும் கட்டமுடியாதவர் இன்னும் குறைக்கச் சொல்லலாம்.

மேல்முறையீட்டில் நீண்ட கதை எழுதத் தேவையில்லை. ரீஃபண்ட் வந்த நாள், தொகை, கடிதத்தில் குறிப்பிட்ட மாதத்தில் அதில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்ற மூன்று விவரங்களையும், உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 6409ஆம் பிரிவு என்ற பெயரையும் எழுதி, வங்கி அறிக்கையை இணைத்தால் போதும். தனியாகச் செய்யத் தயங்குகிறவர்கள், பெரும்பாலான கவுண்டிகளில் செயல்படும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குக் கடிதத்தை உறையோடு எடுத்துச் செல்லலாம். கெடு கணக்கிட உறையின் மேல் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதி உதவும்.